நாற்பத்தெட்டாம் எண் துணி

பழைய போர்வை ஒன்றை வெட்டினால் பதினாறு சதுரத் துணிகள் கிடைக்கும். மூன்று போர்வைகளில் நாற்பத்தெட்டு. ஓரம் மடித்துத் தைத்து, ஒவ்வொன்றிலும் அழியாத மையால் எண்ணிட்டேன். அன்றோடு எங்கள் வீட்டில் டிஷ்யூ பேப்பரும் கிச்சன் ரோலும் ஒழிந்தன. காகிதம் எழுதுவதற்கு உரியது. மூக்குச் சிந்துவதற்கு உரியதன்று. முப்பத்தைந்து ஆண்டுகள் வகுப்பில் சொன்னதையே என் மனைவியிடமும் சொன்னேன். இதில் குற்றம் எங்கே இருக்கிறது என்பதை, ஐயா, நீங்கள்தான் காட்ட வேண்டும்.

"துடைக்கிற துணிக்கும் அட்டெண்டன்ஸ் எடுப்பீங்களா?" என்று சிரித்தாள். ஆனாலும் நாள்தோறும் அவற்றை வெந்நீரில் துவைத்து, உலர்த்தி, எண் வரிசையில் அடுக்கினாள். சிரித்துக்கொண்டேதான் செய்தாள் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஐந்தாம் ஆண்டு மழைக்காலத்தில் அவளுக்கு இருமல் கண்டது. துவைக்கும் வேலையை நான் ஏற்றுக்கொண்டேன். இரத்தக்கறையை வெந்நீரில் போடக் கூடாது, பிடித்துக்கொள்ளும். குளிர்ந்த உப்புநீரில் ஊறவைத்துக் கசக்கினால் சுவடின்றிப் போய்விடும். இதை முதல் வாரத்திலேயே கற்றுக்கொண்டேன்.

"என்னங்க, ஒரு தடவை டாக்டர்கிட்ட காட்டிடலாமே."

கீழ்வீட்டு நர்ஸம்மா ஒருமுறை தம் மாமனாரின் காசநோயைப் பற்றிப் பேசும்போது, "இந்த இருமலுக்குத் துணியே ஆகாது சார். பேப்பர்ல துப்பி எரிச்சிடணும்" என்று சொல்லியிருந்தார். மருத்துவரும் அதையேதான் சொல்வார். ஐந்தாண்டு ஒழுங்கு ஒரே நாளில் குலைந்துவிடும்.

"வெறும் சளி. தானா போயிடும்" என்றேன்.

ஒரு நாள் நான் இல்லாத நேரத்தில் முனைக்கடைக்குப் போய் டிஷ்யூ பெட்டி வாங்கி வந்தாள். அதன்பின் வெளியே போகும்போது கதவைப் பூட்டிச் சென்றேன். என் குறிப்பேட்டில் ஒரு தாளைக் கிழித்து வாய் துடைத்தாள். மேசையையும் பூட்டினேன். இருமலைக் கேட்டால் வெளியூரிலிருக்கும் மகள் பதறுவாள் என்பதால் போனை நானே வைத்துக்கொண்டேன். "அம்மா தூங்குறா, நாளைக்குப் பேசு" என்பேன். தனித்தனியே எடுத்துப் பார்த்தால் எல்லாம் நியாயமானவையே.

பிறகு ஒரு காலையில் நர்ஸம்மா கதவைத் தட்டினார். எங்கள் கொடியிலிருந்து பறந்து விழும் துணிகளை எடுத்துக் கொண்டுவந்து கொடுப்பது அவர் வழக்கம்.

"சார், உங்க நாற்பத்தெட்டு மறுபடியும் எங்க பால்கனிக்கு விருந்துக்கு வந்துட்டாரு. காதைத் திருகி உள்ள உட்கார வைங்க."

நன்றி கூறி வாங்கிக் கதவைச் சாத்தினேன். எண் மட்டும் வெளியே தெரிய மடித்திருந்த அதைப் பிரித்தேன். துணிகளோடு வைத்திருந்த என் மையாலேயே என் மனைவி எழுதிக் கீழே போட்டிருந்தாள்: 'கதவைப் பூட்டி வைக்கிறார். ரத்தமாக வருகிறது. என் மகளைக் கூப்பிடுங்கள்.'

குரல் கேட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு அவள் உள்ளறை வாசல்வரை வந்திருந்தாள். அதற்குள் கீழே படியிறங்கும் செருப்போசை நின்றுவிட்டது. என் கையிலிருந்த துணியையே பார்த்தாள்.

"அவங்க... பிரிச்சுப் பார்க்கலையா?"

"மடிச்சபடியே குடுத்தாங்க."

ஒரு தாளாக இருந்திருந்தால் நர்ஸம்மா படித்திருப்பார். துணி என்பதால் மடித்தபடியே கொடுத்தார். அதன்பின் என் மனைவி எதையும் கேட்கவில்லை. பதினொரு நாள்கள் இருந்தாள்.

அவள் இறந்துபோவாள் என்று எனக்குத் தெரியுமா என்று கேட்கிறீர்கள். தெரியும். அந்தக் கறைகள் நாளுக்கு நாள் பெருகியதை என்னைவிட அறிந்தவர் யாருமில்லை.

அந்தத் துணியை உப்புநீரில் நான்கு முறை ஊறவைத்தேன், மை போகவில்லை. எரித்திருக்கலாம்தான். எரித்திருந்தால் உங்களிடம் சான்றே இருந்திராது. ஆனால் நல்ல துணி ஐயா, இன்னும் பத்தாண்டு உழைக்கும். வீணாக்க மனம் வரவில்லை. துவைத்து, மடித்து, நாற்பத்தேழுக்கு அடுத்ததாக அதன் இடத்திலேயே வைத்தேன்.