ஹபீபுர் ரஹ்மான் பண்ணின டிஸ்க்

இல்லை சார், அப்படி என்னால எழுதிக் கொடுக்க முடியாது. மறைக்கறதுக்காகத்தான் எங்க ஆஃபீஸ் ஹபீபுர் ரஹ்மான் அந்த டிஸ்க்கைப் பண்ணினார்னு நீங்க சொல்றேள். நான் சொல்லலையே. நீங்களே எழுதிண்டு வந்து கையெழுத்துப் போடுன்னா எப்படி? அதை வெச்சுண்டு அவரை மிசாவுல போட்டுடுவேள். அப்புறம் கோர்ட்டும் கிடையாது, தேதியும் கிடையாதாமே. கோச்சுக்காதேங்கோ இன்ஸ்பெக்டர் சார், மொதல்ல உக்காருங்கோ. அந்த நாற்காலி ஆடும், இந்தப் பக்கம் வாங்கோ, காத்து வரும். மாமியார் காபி கலந்துண்டு இருக்கா. எங்காத்துக்காரர் டி. நகர்ல பாங்க்ல இருக்கார், சாயங்காலம்தான் வருவார். அவர் இருந்தாலும் பிரயோஜனம் இல்லை. நான் கம்ப்யூட்டருக்கு ப்ரோக்ராம் எழுதறேன்னு மயிலாப்பூர் முழுக்கப் பெருமை அடிச்சுப்பார், அது ஏதோ டைப் அடிக்கற மாதிரின்னு நினைச்சுண்டு.

நோட்டீஸா? பார்த்தேனே. நீங்கதானே போன வாரம் எங்க ஆஃபீஸ் மேஜை மேல போட்டுக் காமிச்சேள். ரெண்டு ஓரமும் வரிசையா ஓட்டை போட்ட பேப்பர். அது மெட்ராஸ்ல விரல் விட்டு எண்ற எடத்துலதான் இருக்கும், அதுல அடையாறுல எங்க இன்ஸ்டிட்யூட் ஒண்ணு. மோப்பம் பிடிச்சு எங்க மிஷினுக்கு வந்தேளே, அதுல எனக்கு ஆச்சரியம் இல்லை. எங்க வாசல்ல ரெண்டு பேரை வேன்ல ஏத்திண்டு போனதைப் பத்தி எழுதியிருந்தது. எமர்ஜென்சின்னு பேப்பர்காரன் ஒரு வரி போடலை, யாரோ போட்டுட்டா. சரி, தப்புன்னு நான் வாதாட வரலை. மிஷினைப் பத்திக் கேட்டேள், மிஷினைப் பத்திச் சொல்றேன்.

டிஸ்க்குன்னா தோசைக்கல் சைஸுல ஒரு தட்டு. சுத்திண்டே இருக்கும். அது மேல ஒரு சின்னக் கை தொடாம நகர்ந்து எழுதும், படிக்கும். தொட்டுதோ போச்சு. பங்குனியில ஏஸி நின்னு, தூசி பூந்து, கை தட்டைக் கீறிடுத்து. அந்தச் சத்தம் இப்போ நினைச்சாலும் எனக்குப் பல் கூசறது. புதுசு வெளிநாட்டுலேர்ந்து வரணும். வந்தும் ஹார்பர்லயே கிடக்கு, ஏதோ ஒரு அனுமதி வரலையாம். ராமானுஜம் சார், எங்க தலைவர், தினம் ஃபோன் பண்ணுவார், தினம் நாளைக்கும்பா. எங்ககிட்ட மிச்சம் இருந்த குட்டி டிஸ்க், மிஷின் கண்ணைத் திறக்கறதுக்குத்தான் போறும். வேலை செய்ய எடம் இல்லை. புயல் காத்துல ஒரு கட்டடம் எவ்வளவு ஆடும்னு கணக்குப் போடறவா நாங்க. எல்லாரும் கையைக் கட்டிண்டு உக்காந்திருந்தோம்.

அப்போதான் ஹபீபுர் இதைப் பண்ணினார். மறைக்க இல்லை சார். வேலை நடக்கணும்னு.

எப்படின்னா, மிஷினை நடத்தறதுக்கு யூனிக்ஸ்னு ஒண்ணு இருக்கு. அதுக்கு ஒரு குணம். டிஸ்க்கை அது நேராப் போய்ப் பார்க்காது. நடுவுல ஒரு ஆள் மாதிரி ஒரு ப்ரோக்ராம் இருக்கும். இந்தக் கட்டத்துல இதை எழுதுன்னு அவன்கிட்ட சொல்லும், அந்தக் கட்டத்தைக் குடுன்னு அவன்கிட்ட கேக்கும். எங்கே வெச்சே, எப்படி வெச்சேன்னு கேக்கவே கேக்காது. ஹபீபுர் மெமரியில ஒரு மூலையை வேற யாரும் தொடாதபடி ஒதுக்கினார். அப்புறம் அந்த நடு ஆளைப் புதுசா எழுதினார். இவன் தட்டுல எழுதாம, அந்த மூலையில கொண்டு வெப்பான். அவ்வளவுதான். புது டிஸ்க்குக்கு என்னென்ன பண்ணுவோமோ, எல்லாம் பண்ணிக் கோடு கிழிச்சு, தடுப்பு போட்டு, மாட்டிட்டார். யூனிக்ஸ் அதை டிஸ்க்குன்னே நம்பித்து. தட்டும் இல்லை, கையும் இல்லை, சுத்தறதும் இல்லை. வேகம்னா அப்படி ஒரு வேகம். ராமானுஜம் சார் எல்லாருக்கும் போண்டா வாங்கித் தந்தார்.

சிரிக்கறேளே. நிஜமாத்தான் சொல்றேன். மறைக்கறவன் எதுக்கு சார் ஆஃபீஸையே கூப்பிட்டுக் காமிக்கறான்?

ஆனா ஒண்ணு, காலம்பர மிஷினைப் போட்டதும் அந்த டிஸ்க்கைப் புதுசா உண்டாக்கணும். டேப்புலேர்ந்து கணக்கையெல்லாம் அதுல கொட்டணும். சாயங்காலம் வேணுங்கறதைத் திரும்ப டேப்ல ஏத்திட்டுத்தான் ஆத்துக்குக் கிளம்பலாம். ஏன் தினமும்னா, கரண்ட் போனா அதுல ஒண்ணும் நிக்காது. இதோ இந்த ஃபேன் இருக்கு. ஓடறவரைக்கும் காத்து. அணைச்சப்புறம் அந்தக் காத்து எங்கேன்னு தேடினா எங்கே கிடைக்கும்? அதே மாதிரிதான்.

அதைத்தான் நான் உங்களுக்குச் சொல்ல வரேன். நாளைக்கு வந்து மிஷினைப் போட்டு, உள்ள இருக்கறதை எடுத்துக் கொடும்மான்னு கேக்கறேள். வரேன், போடறேன். ஒண்ணும் இருக்காது. நீங்கதானே சார் மெயினை அணைச்சேள்?

உங்களோட வந்தாரே, கறுப்புக் கண்ணாடி, கம்ப்யூட்டர் தெரிஞ்சவர்னேளே, அவர் பொய் சொல்லலை. மெமரியில இருக்கறது எங்கேயும் போகாது, தைரியமா அணைச்சு சீல் வைங்கோன்னார். அவர் மிஷினுக்கு அது சரி. அது பழைய மாதிரி. கடுகு சைஸுக்கு இரும்பு வளையம், ஒவ்வொண்ணா கம்பில கோத்திருக்கும். காந்தம். கரண்ட் போனாலும் காந்தம் போகாது. எங்ககிட்டயும் முன்னாடி அதான் இருந்தது. பவர்கட்டுன்னா கேன்டீனுக்குப் போய் டீ குடிச்சுட்டு வந்து விட்ட எடத்துலேர்ந்து ஆரம்பிப்போம். இப்போ வந்திருக்கறது வேற ஜாதி, அதுக்குக் கரண்ட் வேணும். பாவம், அவர் பார்த்ததில்லை.

யாரு, நானா? யாரும் என்னைக் கேக்கலை சார். புடவை கட்டிண்டு ஒரு ஓரமா நின்னா டைப்பிஸ்டுன்னு நினைச்சுண்டேள். உங்க கான்ஸ்டபிள் மட்டும்தான் என்கிட்ட பேசினார். மெயின் எங்கேம்மான்னார். கதவுக்குப் பின்னாடின்னு கையைக் காமிச்சேன். அவர் போய் இழுத்தார். அந்த ரூம் அவ்வளவு அமைதியா நான் பார்த்ததே இல்லை.

அதுக்கப்புறம்தான் இந்த மெமரி டிஸ்க்கைப் பண்ணினது யாருன்னு கேட்டேள். ராமானுஜம் சார் ஹபீபுர்னு சொன்னார். அவர் பொய்யா சொன்னார்? பண்ணினது ஹபீபுர்தானே. நீங்க அதை அப்படியே பிடிச்சுண்டேள். கண்ணுல படாத டிஸ்க்கை யோக்கியன் எதுக்குப் பண்றான்னு கேட்டேள். அன்னிக்கே அந்த ரூம்ல யாராவது உங்களுக்கு இவ்வளவு நேரம் உக்காந்து விளக்கியிருக்கணும். ஒருத்தரும் வாயைத் திறக்கலை. நானும் திறக்கலை.

ஹபீபுர் சம்சாரம் வஜீஹா வரா சார் இங்கே. தினம் உங்க ஸ்டேஷனுக்குச் சாப்பாடு எடுத்துண்டு போறா, தினம் திருப்பி அனுப்பறேள். திரும்பி ஐஸ் ஹவுஸுல இருக்கற ஆத்துக்கு பஸ் பிடிக்கறதுக்கு முன்னாடி இங்க ஏறி உக்காந்துடறா. ஆஃபீஸ்ல அவரோட நன்னாப் பழகினது நான் ஒருத்திதான்னு நினைக்கறா. அழமாட்டா. அந்தக் கேரியரை மடியில வெச்சுண்டு, அக்கா, அந்த நோட்டீஸை அடிச்சது யாருன்னு தெரிஞ்சா அவரை விட்டுடுவாங்களான்னு கேக்கறா. நேத்து அதை இங்கேயே மறந்து வெச்சுட்டுப் போயிட்டா. எங்க மாமியார் வெளியில சமைச்சதை நடை தாண்டி உள்ளே விடமாட்டா. அவளே அதைப் பிரிச்சு, சாதத்தை மாட்டுக்கு வெச்சு, தேச்சுக் கவுத்து வெச்சிருக்கா.

அம்மா, இங்கே வைங்கோ. சாருக்குச் சக்கரை போறுமான்னு பாருங்கோ. ஒண்ணும் இல்லை, ஆஃபீஸ் விஷயம்தான். நீங்க உள்ளே போங்கோ, நான் டம்ளரை எடுத்துண்டு வரேன்.

குடிங்கோ சார். ஆறிடும்.

அப்போ யார்தான் அடிச்சான்னு கேட்டேள். அதையும் மிஷினை வெச்சே சொல்றேன். யூனிக்ஸ்ல எந்த ஃபைல் உண்டானாலும், உண்டாக்கினவா பேரு அதோட ஒட்டிண்டுடும். ஹபீபுர் டிஸ்க்கைப் பண்ணினாரே தவிர, அதுல நாங்க அத்தனை பேரும் எழுதுவோம். பீரோ பண்ணின ஆசாரிக்கா உள்ளே இருக்கற புடவையெல்லாம் சொந்தம்? மிஷின் மட்டும் ஓடிண்டு இருந்திருந்தா, ஒரே ஒரு வரி தட்டினாப் போறும், அந்த நோட்டீஸ் பக்கத்துல யார் பேர்னு உங்களுக்கே காமிச்சிருக்கும். நீங்க வந்த அன்னிக்குக் காலம்பரதான் அதை அடிச்சது, டேப்ல ஏறலை; அவரை ஆத்துக்கு அனுப்ப அது ஒண்ணுதான் சாட்சி. அதைத்தான் அணைச்சோம். நீங்க தெரியாம அணைச்சேள். நான் தெரிஞ்சுண்டே கையைக் காமிச்சேன்.

என் பேர்தான் சார் இருந்தது. சுந்தரவல்லின்னு.

இல்லை, யாரும் சொல்லிக் கொடுத்துப் பேசலை. ஸ்டேஷனுக்குப் போய் அவரைக் கேளுங்கோ, அந்த நோட்டீஸ்ல ரெண்டாவது பாராவுல என்ன இருக்குன்னு. அவருக்குத் தெரியாது. நான் இப்பவே ஒரு எழுத்து விடாமச் சொல்றேன், உங்க கையில இருக்கறதோட ஒத்துப் பார்த்துக்கோங்கோ. எழுதினதுக்கு எனக்கு வருத்தம் இல்லை. அந்த ரெண்டு பேரை வேன்ல ஏத்தினப்போ மாடி ஜன்னல்லேர்ந்து பார்த்தது நான். ஆனா கான்ஸ்டபிள் மெயினை இழுத்தப்போ எனக்கு அப்பாடான்னு இருந்துது பாருங்கோ, அதைத்தான் என்னால தாங்க முடியலை. அந்த அப்பாடா முடியறதுக்குள்ள அவரைக் கையைப் பிடிச்சுக் கூட்டிண்டு போயிட்டேள். என்னைத் தாண்டித்தான் போனார். அவருக்குத் தெரியும் சார். அன்னிக்குக் காலம்பர பிரிண்டர்லேர்ந்து அதைக் கிழிச்சு நான் பையில போட்டுண்டதை அவர் பார்த்தார். என்னை ஒரு தரம் பார்த்துட்டு நேரா நடந்துட்டார். உங்க ஆட்கள் இத்தனை நாளாக் கேட்டும் சொல்லலை போலிருக்கு.

அந்தப் பேப்பரைத் திருப்புங்கோ, பின்பக்கம் காலியாத்தானே இருக்கு. நீங்க எழுதிக்கோங்கோ, நான் சொல்றேன், கீழே கையெழுத்தும் போடறேன். மாமியார்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிண்டு செருப்பைப் போட்டுண்டு வந்துடறேன்.

அவரை இன்னிக்கே விட்டுடுவேளோல்லியோ?