கரட்டுப் பூங்காவுக்குத் தனிப் பாதை வந்த விதம்

என் மாமனார் சவரியப்பனுக்கு எலும்பு நல்ல கெட்டி, ஃபாதர். இந்த வயதிலும் சிமென்ட் மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு மாடி ஏறுவார். அவர் ஏன் கோயில் பாடகர் குழுவுக்கு வருவதில்லை என்று போன வாரம் கேட்டீர்கள். சொல்கிறேன். உங்களிடம் சொன்னது வெளியே போகாது. கொஞ்சம் சுற்றித்தான் வர வேண்டும்.

மூக்கண்டப்பள்ளிக்குப் பின்னால் கரட்டுப் பூங்கா இருக்கிறதல்லவா, அதில் மேலே ஏற மண் பாதை ஒன்றுதான். நடக்கிறவர்களுக்கும் அதுதான், மலைச் சைக்கிள் ஓட்டுகிற எங்களுக்கும் அதுதான். மலைச் சைக்கிள் என்றதும் பெரிதாக நினைக்காதீர்கள். தொப்பை வைத்த நாலு பேர் ஹெல்மெட் போட்டுக்கொண்டு மூச்சு வாங்குவோம். அதற்கே தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றிலும் திட்டு விழும். மூன்றும் எனக்குப் புரியும் என்பதுதான் கஷ்டம்.

பூங்கா கமிட்டித் தலைவர் பூபதியிடம் போய் நின்றேன். “கரட்டுக்குப் பின்பக்கம் எங்களுக்குத் தனிப் பாதை விடுங்க சார். அவங்களும் நிம்மதியா நடப்பாங்க.”

“இதுவரைக்கும் யாருக்காவது அடி பட்டிருக்கா மெல்வின்?”

“இல்ல சார்.”

“அப்புறம் என்னய்யா? அனுசரிச்சுப் போங்க.”

நான் ஒரு கியர் கம்பெனியில் சேஃப்டி ஆபீசர். ஆள் நடக்கிற வழிக்கும் ஃபோர்க்லிஃப்ட் போகிற வழிக்கும் நடுவில் மஞ்சள் கோடு போடச் சொல்லி எத்தனை மெயில் அனுப்பினாலும் யாரும் அசைய மாட்டார்கள். ஒருத்தர் கால் கட்டைவிரல் நசுங்கட்டும், மறுநாள் காலையில் பெயின்ட் டப்பாவோடு வந்து நிற்பார்கள். பூபதி சார் பேசியது எங்கள் மேனேஜர் பேசியது மாதிரியே இருந்தது.

ஆக, சின்னதாக ஓர் அடி தேவைப்பட்டது. யாருக்கு என்பதில்தான் நிறைய யோசித்தேன். தினமும் அங்கே நடக்க வருகிறவர்களில் சரோஜம்மாளுக்குச் சர்க்கரை, புண் ஆறாது. முனிராஜின் தம்பி வக்கீல். வேறு யாரை இடித்தாலும் சைக்கிளுக்கே தடை வந்துவிடும். மாமா, நடக்கிறவர்கள் சங்கத்துக்கே தலைவர். மகள் முகத்துக்காக மருமகனை விட்டுக்கொடுக்கவும் மாட்டார். எலும்பைப் பற்றித்தான் சொன்னேனே. யாருக்கும் பெரிய கஷ்டம் வந்துவிடக் கூடாது என்று பார்க்கிற சுபாவம் எனக்கு.

புங்கமரத்து வளைவில், புல் மெத்தென்று இருக்கிற பக்கமாக விழட்டும் என்று, பின்னாலிருந்து வந்து இடித்தேன். கம்பெனிக்குள் ஃபோர்க்லிஃப்டுக்கு அனுமதிக்கிற வேகம்தான். மணிக்கட்டில் ஒரே ஒரு முறிவு. ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் அவரைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். அழுதேன், ஃபாதர். அது நடிப்பு இல்லை.

ஆஸ்பத்திரியில் என் மனைவி பெனிஷா என்னை முறைத்த முறைப்புக்கு மாமாதான் குறுக்கே வந்தார். “மாப்ளய ஒண்ணும் சொல்லாத பாப்பா. அவரு பெல் அடிச்சிருப்பாரு. எனக்குத்தான் காது கேக்கல.”

பெரியவர் பேசும்போது குறுக்கே பேசி எனக்குப் பழக்கமில்லை.

விபத்தை விசாரிக்க விஷயம் தெரிந்த ஆள் வேண்டும் என்றார் பூபதி சார். கமிட்டிக்குத் தெரிந்த ஒரே சேஃப்டி ஆபீசர் நான்தான். நானே விசாரித்தேன். ஓட்டியவர் மேல் தவறில்லை, பாதை ஒன்றாக இருப்பதுதான் காரணம் என்று முடிவு சொன்னேன். மாமா மாவுக்கட்டோடு வந்து ஆமாம் என்றார். அந்த மாதமே தனிப் பாதை வந்துவிட்டது. இடது கையால் ரிப்பன் வெட்டியதும் அவர்தான். இப்போது எல்லை தாண்டி அத்திப்பள்ளியிலிருந்தெல்லாம் வந்து ஓட்டுகிறார்கள். நடக்கிறவர்கள் எங்களைப் பார்த்துக் கையாட்டுகிறார்கள். ஊருக்கு நல்லது நடந்திருக்கிறது.

கை சேர்ந்துவிட்டது. காதுதான் தகராறு. பின்னால் அடித்த பெல்லே கேட்காதவனுக்குச் சுருதி எங்கே கேட்கும் என்று பாட்டையே விட்டுவிட்டார். குளிக்கும்போதுகூடப் பாடுவதில்லை. டாக்டர் சோதித்துப் பார்த்து, காது பிரமாதமாக இருக்கிறது என்றார். இவர் விடவில்லை. “மெஷின சரியாப் பாருங்க டாக்டர். எங்க மாப்ள பெல் அடிக்காம வர்ற ஆளு இல்ல.”

நான் பெல் அடிக்கவில்லை, ஃபாதர். விரல் பெல் மேலேதான் இருந்தது. அடித்திருந்தால் ஒதுங்கியிருப்பார்.

அவரிடமே போய்ச் சொல் என்பீர்கள். யோசித்தேன். வயதானவர், மனசு தாங்காது. அதனால் காது மெஷின் ஒன்று வாங்கிக் கொடுத்தேன். மாட்டிய நிமிஷமே, “அடேயப்பா, எல்லாம் கணீர்னு கேக்குது மாப்ள” என்று என்னைக் கட்டிக்கொண்டார். வருகிற ஞாயிறு பாட வருகிறார், முன்வரிசையில் இடம் போட்டு வையுங்கள். மெஷினுக்குப் பேட்டரி போடுவது என் பொறுப்பு. இன்னும் போடவில்லை. நல்ல காதை மெஷின் வைத்துக் கெடுக்க எனக்கு மனசு வரவில்லை.