காற்றெடுக்க இரண்டு பேர்

பிரேக் குழாயில் புகுந்த காற்றை வெளியே எடுப்பதற்கு இரண்டு பேர் வேண்டும். எனக்கு வாய்த்த இரண்டாவது ஆள் சிவானந்தன் அத்தான், என் அக்கா தங்கேஸ்வரியின் கணவர். அவரைக் குறை சொல்ல நான் இங்கே வரவில்லை. நீங்கள் கேட்பதால் நடந்ததைச் சொல்கிறேன்.

கார் அவருடையது, நல்ல பழசு. பிரேக் ஓயிலை அழுத்தி அனுப்பும் மாஸ்டர் சிலிண்டர் ஒழுகியது. புதிதாகவே மாற்றுவோம் என்றேன். உள்ளே இருக்கிற ரப்பர்களை மாற்றினால் போதும் என்று அவர் தீர்ப்புச் சொல்லிவிட்டார். நோர்வேக்கு வந்து ஹோல்ம்லியாவில் அவர்கள் வீட்டில்தான் இருந்தேன், மறுத்துக் கதைக்க முடியுமா? வீட்டு வாசலில், குளிரில் விரல் விறைக்க விறைக்கக் கழற்றி மாற்றினேன். பிறகு காற்றெடுக்க வேண்டும். நான் சக்கரத்தடியில் கிடந்து காற்று வெளியேறும் நிப்பிளைத் திறந்து மூடும்வரை அவர் பெடலை மிதித்தபடி இருக்க வேண்டும். அவ்வளவுதான் அவர் வேலை. அவருக்குப் போன் வரும், கால் எழும்பும், காற்றுத் திரும்ப உள்ளே போகும்.

சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை இதே கூத்து. எரிச்சலில் எனக்கு அழுகை வராத குறை. கோயில் பந்தியில் எனக்கு எதிரே இருந்துகொண்டு அத்தான் ஆட்களுக்குச் சொன்னார்: "இவருக்கு ஒரு பிரேக் பூட்டத் தெரியாது. தமக்கைக்காரி பாவம் பாத்து வீட்டிலை வைச்சிருக்கிறா." எல்லோரும் சிரித்தார்கள். நான் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன்.

அடுத்த சனிக்கிழமை சிலிண்டரை மறுபடி கழற்றினேன். ரப்பர் கிழிந்திருந்தது. அப்படியே திரும்பப் பூட்டினேன். ஒழுகலைத் துடைத்தேன். ஓயில் குறைந்தால் எரிகிற சிவப்பு விளக்கு எரியாமல் இருக்க ஓயிலை விளிம்புவரை நிரப்பினேன். அப்படிப்பட்ட பெடல் இரண்டு தரம் மிதித்தால் இறுக்கமாக நிற்கும், மிதித்துப் பிடித்தால்தான் மெல்ல அடிவரை இறங்கும். அத்தானுக்கு மிதித்துப் பிடிக்கிற பழக்கம் இல்லையே.

"இப்ப சரி. நான் சொன்னதை அண்டைக்கே கேட்டிருக்கலாம்" என்றார்.

"ஓம் அத்தான்" என்றேன்.

எங்கள் வீதி நீண்ட இறக்கம், கீழே பெருஞ்சாலை. அது எனக்குத் தெரியும். ஒருதரம் பயந்துபோய் வரட்டும் என்று நினைத்ததாகத்தான் முதலில் உங்களுக்குச் சொன்னேன். அது பொய். அத்தானைக் கொன்றது நான்தான், எழுதிக்கொள்ளுங்கள்.

ஆனால் அக்கா விஷயத்தில் என்மேல் பிழை இல்லை. திராமனில் பிறந்தநாள் வீட்டுக்கு அத்தான் தனியாகப் போவதாகத்தான் பேச்சு. தலையிடி என்று படுத்திருந்த அக்கா கடைசி நேரத்தில் சேலையைச் சுற்றிக்கொண்டு ஓடிவந்து முன்சீற்றில் ஏறினார். கார் நகர்ந்தது. கண்ணாடி திறந்திருந்தது. கூப்பிட்டிருந்தால் கேட்டிருக்கும்.

இதை நீங்கள் விளங்கிக்கொள்ள வேண்டும். புறப்பட்டுப் போகிறவர்களைப் பின்னாலிருந்து கூப்பிட்டால் வழியில் ஏதாவது நடந்துவிடும் என்று எங்கள் ஆட்கள் சொல்வார்கள். அக்காவுக்கு ஒன்றும் நடந்துவிடக் கூடாது என்றுதான் நான் கூப்பிடவில்லை.