அண்ணன் கம்ப்யூட்டரை ஸ்டேபிளுக்கு மாற்றிய அன்று

நன்றாக ஓடுகிற வண்டியை நிறுத்தி நட்டு முறுக்குகிறவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது. என் அண்ணன் ரஞ்சித்குமார் அந்த ரகம். கம்ப்யூட்டரை இயக்க லினக்ஸின் அன்ஸ்டேபிள் பதிப்பைத்தான் வைத்திருந்தான். புதியதெல்லாம் அதில்தான் முதலில் வரும், கூடவே கோளாறும் வரும். பெரம்பலூரில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிற எனக்கு, நன்றாகச் சோதித்துப் பார்த்து வெளியிடுகிற ஸ்டேபிள்தான் பிடிக்கும்.

போன மாசியில் அண்ணன் புற்றுநோயில் போய்ச் சேர்ந்தான். படுத்த படுக்கையிலும் மகள் கவியாவுக்குக் கதைகள் சொல்லி அந்தக் கம்ப்யூட்டரில் பதிந்து வைத்திருந்தான். ஆண்டிமடம் வீட்டில் விளக்கு வைத்ததும் அபிநயா அதைப் போடுவாள். அண்ணி என்றுதான் கூப்பிடுவேன். மனசுக்குள் அவள் அபிநயாதான். அப்பா எங்கே என்றால் குழந்தை ஸ்பீக்கரைக் காட்டும். பக்கத்தில்தான் நான் உட்கார்ந்திருப்பேன்.

ஒரு அப்டேட்டில் சத்தம் நின்றுபோனது.

"இந்த ரோதனையே வேணாம் தம்பி, ஸ்டேபிளாவே மாத்திக் குடுத்துடுங்க. அவரு குரலு மட்டும் போயிடக் கூடாது."

"அதெல்லாம் போவாது அண்ணி."

அன்ஸ்டேபிளிலிருந்து ஸ்டேபிளுக்கு அப்படியே இறங்க முடியாது, புதிதாகத்தான் போட வேண்டும். ஆனால் அண்ணன் விவரமானவன், சொந்தக் கோப்புகளைத் தனிப் பகுதியில் வைத்திருந்தான். அதைத் தொடாவிட்டால் ஒன்றும் ஆகாது. கடையில் எத்தனையோ பேருக்கு அப்படிச் செய்து கொடுத்திருக்கிறேன்.

அவள் காப்பி போடப் போனாள். அந்தப் பகுதியையும் அழிக்கட்டுமா என்று திரை கேட்டது. ஆம் என்று கொடுத்தேன். செத்தவன் பேசிக்கொண்டே இருந்தால் இருக்கிறவர்கள் எப்படிப் பிழைப்பது? எங்கள் சொந்தத்தில் அண்ணன் போனபின் தம்பியைக் கட்டிக்கொண்டு நன்றாக வாழ்கிறவர்கள் உண்டு.

குரல்களை அவள் ஒரு பென்டிரைவிலும் எடுத்து, பத்திரமாக வைக்கச் சொல்லி என்னிடம்தான் கொடுத்திருந்தாள். அதை முந்தின நாளே அழித்து, அதில்தான் ஸ்டேபிளை ஏற்றிக்கொண்டு போனேன்.

புதிதாகப் போட்டதும் சத்தம் அருமையாக வந்தது. போட்டுக் கேட்கத்தான் ஒன்றும் இல்லை. கவியா ஸ்பீக்கரில் காதை வைத்துக் காத்திருந்தாள். "தப்பு நடந்துபோச்சு அண்ணி" என்று அழுதேன். அந்த அழுகை பொய்யில்லை.

அபிநயா ஒரு வார்த்தை திட்டவில்லை. காப்பியைக் கீழே வைத்துவிட்டு வந்து என் தலையைத் தடவினாள்.

"அழாதீங்க தம்பி. உங்களுக்கும் அண்ணன்தானே."

அவள் கை நடுங்கியது. அண்ணனை நினைத்து நடுங்கியது என்று நீங்கள் சொல்வீர்கள். எனக்கு அப்படிப் படவில்லை.