முதலில் நீங்கள், சம்பந்தி

தையல்காரர்: ...“ஆகஸ்டு ஒன்பது, ஞாயிற்றுக்கிழமை. வானம் தெளிவாக உள்ளது. காற்று மிதமாக வீசுகிறது.” பயிற்சிக் குறிப்பேட்டுல இதையும் எழுதிட்டேன்.

பல் மருத்துவர்: வானம் எங்கேயும் போகாது சம்பந்தி. நீங்க குதிங்க.

தையல்காரர்: மாப்பிள்ளையைப் பெத்தவர் நீங்க. உங்களுக்கு முன்னாடி நான் இந்த இறக்கத்துல சைக்கிளோட குதிச்சா மரியாதையா இருக்குமா?

பல் மருத்துவர்: பொண்ணைக் கொடுத்தவர் நீங்க. உங்களைத் தாண்டிப் போனா என் வீட்டுக்காரி வாசலோட நிறுத்திடுவா.

தையல்காரர்: கீழே பிள்ளைங்க காத்துக்கிட்டு இருக்காங்க...

பல் மருத்துவர்: உங்க பொண்ணு போனைத் தூக்கிப் பிடிச்சே கை வலிச்சுப்போச்சு. பாவம்.

தையல்காரர்: நேத்து சாப்பிடும்போது, “இந்த இறக்கமெல்லாம் ஜுஜுபி”ன்னு சொன்னது யாரு?

பல் மருத்துவர்: “கண்ணை மூடிக்கிட்டே குதிப்பேன்”னு சொன்னது யாரு? ம்... மூடுங்க.

தையல்காரர்: பயிற்சிப் புத்தகம் அப்படிச் சொல்லலையே. “மிதிகட்டைகள் இரண்டும் ஒரே மட்டத்தில் இருத்தல் வேண்டும். முழங்காலை மடக்கி, இடுப்பைப் பின்னுக்குத் தள்ளி, பார்வையை இறங்குமிடத்தில் நிறுத்துக. விளிம்பில் பிரேக் பிடித்தல் கூடாது.”

பல் மருத்துவர்: ரெண்டு பிரேக்கையும் பிடிச்சுக்கிட்டுதானே படிக்கிறீங்க?

தையல்காரர்: நான்தான் இன்னும் விளிம்புக்கே வரலையே.

பல் மருத்துவர்: அதான் பார்த்தேன். எட்டடி பின்னாடி நிக்கிறீங்க.

தையல்காரர்: நீங்க பத்தடி. அளவெடுக்கிறது என் தொழில்.

பல் மருத்துவர்: சம்பந்தி... பயிற்சியில குதிச்சது இடுப்பளவுதானே? இது கொஞ்சம் உசரமாத் தெரியுதே...

தையல்காரர்: பயமா?

பல் மருத்துவர்: எனக்கா? பயிற்சியாளரம்மா வந்துட்டா நல்லா இருக்குமேன்னு பார்த்தேன்.

தையல்காரர்: நானும்தான் வழியைப் பார்த்துக்கிட்டே... சும்மா, ஒரு மரியாதைக்கு. அதோ, வந்துட்டாங்க.

பயிற்சியாளர்: சார், ரெண்டு பேரும் இங்கே என்ன பண்றீங்க?

பல் மருத்துவர்: குதிக்கப் போறோம்மா. அறிவிப்பு ஏதாவது உண்டா? “இன்னைக்கு மூடியாச்சு”... அந்த மாதிரி?

தையல்காரர்: இருந்தா தயங்காமச் சொல்லுங்க. வருத்தப்பட மாட்டோம்.

பயிற்சியாளர்: மூடியாச்சே சார். நேத்து சாயங்காலம் நீங்கதானே போன் பண்ணி, “சம்பந்தி ரொம்பப் பயப்படுறாரு, நாளைக்கு அந்த இறக்கத்தை மூடிடுங்க”ன்னு கெஞ்சினீங்க? அஞ்சு நிமிஷத்துல டாக்டரும் அதையேதான் கெஞ்சினாரு.

பல் மருத்துவர்: ...நான் பயப்படுறேன்னா சொன்னீங்க?

தையல்காரர்: நீங்க மட்டும் என்னைப் பத்திப் புகழ்ந்தா பேசியிருக்கீங்க?

பல் மருத்துவர்: சரி, விடுங்க. மூடியாச்சுல்ல. பிள்ளைங்ககிட்ட அதைச் சொல்லிட்டு நெஞ்சை நிமிர்த்திக்கிட்டுப் போயிடலாம்.

பயிற்சியாளர்: நான் மூடினது சின்ன இறக்கத்தை சார். நீங்க வழி மாறி வந்து நிக்கிறது போட்டிக்காரங்க குதிக்கிற பெரிய இறக்கம். இது திறந்துதான் இருக்கு.

தையல்காரர்: கீழே கைதட்டுறாங்க சம்பந்தி.

பல் மருத்துவர்: கேக்குது... நேத்து நான் சொன்னது பொய்.

தையல்காரர்: நான் சொன்னதும்தான். ஏம்மா, படிக்கட்டு எந்தப் பக்கம்?

பயிற்சியாளர்: ஹலோ... கீழே கேக்குதா? வீடியோவை நிறுத்திடுங்க. ஆமா, உங்க ரெண்டு பேரோட அப்பாவும் பத்திரமா இறங்குறாங்க. சைக்கிள் ரெண்டும் இங்கேதான் இருக்கு... படிக்கட்டைப் பாருங்க, கையைக் கோத்துக்கிட்டு வர்றாங்க. என்ன சார், குறிப்பேட்டுல எழுத மணியா? சரியா ஏழு நாற்பத்திரண்டு.