இளம்பாகு

இன்ஸ்பெக்டர் ஐயா, கடலைமிட்டாய் நல்லா வரணும்னா கடலையைப் பாத்துப் பிரயோசனம் இல்ல, பாகைப் பாக்கணும். என் வீட்டுக்காரி நேசம்மாள் பஜார்ல ஒரு கடைக்கு மிட்டாய் போட்டுக் குடுக்கா. பாகுல ஒரு சொட்டைத் தண்ணியில விட்டுப் பாப்பா. கல்லு மாதிரி நின்னா முத்தின பாகு. விரலுக்கு வளைஞ்சு குடுத்தா இளம்பாகு, அதுல மிட்டாய் போட்டா பல்லுல ஒட்டும். இருபது வருசமா பக்கத்துல உக்காந்து பாத்ததுல எனக்கும் அந்தப் பதம் பிடிபட்டுட்டு. ஊர்க்கதை பேசுதான்னு நினைக்காதீங்க, விசயமே இதுதான்.

என் பேரு எபநேசர். செண்பகராஜ் முதலாளியோட பஞ்சு ஜின்னிங் பேக்டரியில மெக்கானிக். அவியகிட்ட ஒரு பழைய ரேஸ் கார் உண்டு. வெள்ளைக்கார துரை ஒருத்தர் ஊருக்குக் கப்பல் ஏறும்போது குடுத்துட்டுப் போனது. வந்த புதுசுல அது ஓடலை, இருமிக்கிட்டுக் கெடந்துது. பெட்ரோலையும் காத்தையும் கலந்து இஞ்சினுக்கு ஊட்டுததுக்குக் கார்புரேட்டர்னு பேரு. அதுல பெட்ரோல் வர்ற சின்னத் துளையை ஜெட்டும்பாங்க. பதினோரு வருசமா அந்தத் துளையை மயிரிழை மயிரிழையா ராவி, கூடவே ரெண்டாவதா ஒரு பெரிய ஜெட்டும் வச்சு, அந்த வண்டியைப் பாய வச்சவன் நான். முதலாளி அதை அவிய வண்டின்னு நினைச்சிருந்தாவ. பெரிய மனுசன், நினைச்சிட்டுப் போறாவன்னு நானும் விட்டுட்டேன்.

சண்டைக் காலத்துல ஏரோப்ளேன் இறங்கப் போட்ட மைதானத்தைச் சுத்தி ரோடு ஒண்ணு கரிசல் காட்டுக்குள்ள கெடக்குல்லா, அங்கனதான் தைமாசம் பந்தயம். அஞ்சாறு வண்டி வரும், பத்துச் சுத்து. ரெண்டு வருசத்துக்கு முன்ன மதராஸ்காரர் ஒருத்தர் வந்தாவ. பழைய ரேஸ் வண்டியா வாங்கிச் சேக்குற மனுசன். இந்த வண்டி ஜெயிச்சா எடுத்துக்கிடுதேன்னாவ. முதலாளியும் சரின்னுட்டாவ. எனக்கு அன்னைக்குச் சோறு இறங்கல.

ஜெயிச்சாத்தானே எடுப்பாவ. பெரிய ஜெட்டை முத்தின பாகு வச்சு அடைச்சேன். வெல்லம் பெட்ரோல்ல கரையாது ஐயா, வெந்நீர்ல கரைஞ்சிரும். பந்தயம் முடிஞ்சதும் ஒரு சொம்பு வெந்நீர் ஊத்தினா தடயம் கிடையாது, எறும்புக்குத்தான் கொஞ்சம் லாபம். ரெண்டு வருசம் எங்க வண்டி கடைசியா வந்துது. டிரைவர் வேதமுத்துவைத்தான் எல்லாரும் ஏசினாங்க, மாட்டுவண்டி ஓட்டப் போலேன்னாங்க. பாவம், தங்கமான பையன். ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசமாட்டான். அதுல எனக்கு அவன்மேல பிரியம் கூடித்தான் போச்சு.

இந்த வருசம் மதராஸ்காரர் புத்தி மாறிட்டு. ஜெயிச்சாலும் தோத்தாலும் பந்தயம் முடிஞ்ச கையோட லாரியில ஏத்திக்கிடுதேன்னாவ. நல்ல மனுசங்க இப்படித்தான் நம்மளைச் சிக்கல்ல மாட்டி விடுதாங்க.

ஒரு உசிரை எடுத்த வண்டியைக் காவு வாங்கின வண்டிம்பாங்க. எவனும் விலைக்கு எடுக்கமாட்டான், பழைய இரும்புக்காரன்கூட கும்பிட்டுட்டு ஒதுங்கிப் போவான். நான் இயேசுவைக் கும்பிடுத வேதக்காரன், எனக்கு அதுல நம்பிக்கை இல்ல. மதராஸ்காரர் ஸ்டியரிங்குல எலுமிச்சம்பழம் கட்டுத ஆளு, அவியளுக்கு இருந்தாப் போதும். அதனால அவிய வண்டியை ஓட்டிப் பாத்த அன்னைக்கு, ரோட்டு நடுவுல ரெண்டு கட்டு அகத்திக்கொழையைப் போட்டு வச்சேன். அங்கன மேய்க்குத மாரித்தாயோட கிடா ஒண்ணு கொழையைக் கண்டு ஓடியாந்து சக்கரத்துல விழுந்துது. மாரித்தாய் மண்ணை வாரித் தூத்தினா. மதராஸ்காரர் என்ன செஞ்சாவ தெரியுமா, அந்தக் கிடாயவே குழம்பு வைக்கச் சொல்லி ரெண்டு தட்டு சாப்பிட்டாவ. கரிசக்காட்டுக் கறிக்குத் தனி ருசின்னாவ. ஆடு கணக்குல வராதுன்னு அப்பத்தான் எனக்கு விளங்கிச்சு.

எடுத்தேன் கவுத்தேன்னு நான் எதையும் செய்யலைங்க, யோசிச்சுத்தான் செஞ்சேன். வேதமுத்துக்கும் எஸ்தர்ராணின்னு ஒரு பிள்ளைக்கும் கல்யாணம் பேசியிருந்துது. எங்க கோயில்ல கல்யாண அறிவிப்பை மூணு ஞாயித்துக்கிழமை வாசிப்பாங்க, அதுக்கு ஓலைன்னு பேரு. ரெண்டு ஓலை ஆயிட்டு. பந்தயத்தைத் தள்ளி வைக்கப் போறதா ஒரு பேச்சு வந்துது. நான்தான் முதலாளிகிட்ட சொல்லித் தள்ளி வைக்க விடல. கல்யாணம் முடிஞ்சிருந்தா அந்தப் பிள்ளை தாலியறுக்கணும்லா. அதையும் நான் யோசிச்சேன் ஐயா, வேற எவன் யோசிப்பான்.

பந்தயத்தன்னைக்கு காலையில நேசம்மாள் அடுப்புலேர்ந்து இளம்பாகா எடுத்து அடைச்சேன். அது சூட்டுக்கும் அதிர்வுக்கும் எட்டு ஒம்பது சுத்து தாங்கும், பொறவு விட்டுரும். ஒரு வாரமா பட்டறைப் பெஞ்சுல வச்சு ஓட்டிப் பாத்து வச்சிருந்தேன். ரோட்டோட கடைசி வளைவுக்கு அந்தப்பக்கம் ஓடை. ரெண்டு வருசமா மந்தமான வண்டியில அந்த வளைவைக் காலை எடுக்காமலே திரும்பிப் பழகினவன் வேதமுத்து.

வண்டியில ஏறி உக்காந்து, "அண்ணாச்சி, இந்தத் தடவையாவது போவுமா? அந்தப் பிள்ளையும் வந்து நிக்கி"ன்னான்.

"போன வருசம் மாதிரிதான் இருக்கு. வளைவுல காலை எடுக்காதே, மிதிச்சே திருப்பு"ன்னேன்.

சரி அண்ணாச்சின்னு சிரிச்சான்.

ஒம்பதாவது சுத்துல பாகு விட்டுது. பதினோரு வருசம் நான் செதுக்கின வேகம் முழுசும் அன்னைக்குத்தான் வெளிய வந்துது. ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு முன்னால போன வண்டியையெல்லாம் தாண்டிப் பாயுது. எனக்குக் கண்ணு நிறைஞ்சிட்டு. என்னை அறியாம எழும்பிக் கை தட்டினேன். வண்டி ஓடைக்குள்ள போன பொறவும் தட்டிக்கிட்டு இருந்தேனாம், பக்கத்துல நின்னவங்க சொன்னாங்க.

வேதமுத்து அங்கனயே முடிஞ்சிட்டான். மதராஸ்காரர் சாயங்கால ரயிலைப் பிடிச்சுப் போயிட்டாவ. முதலாளி வண்டியை ஏறெடுத்துப் பாக்கல, எங்கயாவது கொண்டு தொலைலேன்னு எங்கிட்டயே தந்துட்டாவ. நான் நினைச்சபடியே வீட்டுக் கொட்டகையில நிக்கி. முன்பக்கம் மட்டும் நசுங்கல், சரிபண்ணிரலாம். எஸ்தர்ராணி ஒரு தடவை வந்து பாத்துட்டுப் போனா.

நீங்க என்னைத் தேடி வரல. தேடவும் மாட்டீங்க. நானாத்தான் வந்திருக்கேன். நேத்து டீக்கடையில உங்க ஏட்டு எழுதின ரிப்போட்டைப் பத்திப் பேசிக்கிட்டாங்க. கார்புரேட்டர் கோளாறால விபத்துன்னு எழுதியிருக்காராம். ராத்திரி பூரா எனக்குத் தூக்கம் இல்ல. மனச்சாட்சின்னு ஒண்ணு இருக்குல்லா ஐயா.

அந்த வரியை அடிச்சிருங்க. வேதமுத்துவைக் கொன்னது எபநேசர்னு எழுதுங்க, கையெழுத்துப் போடுதேன். என் கார்புரேட்டர்ல ஒரு கோளாறும் கிடையாது.