உள்ளே அசைவு

இரவில் சொல்வதால் இரவில் நடந்தது என்று நினைத்துவிட வேண்டாம். நடந்தது பகலில். வெயில் தலைக்கு நேரே நிற்கும் பன்னிரண்டரை மணி. ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போகும் பெரிய சாலையை விட்டு மேற்கே பிரிந்து, மலையடிவாரத்து மாந்தோப்புகளுக்குள் நுழையும் ஒரு சாலை உண்டு. அந்த நேரத்தில் அங்கே ஆளும் கிடையாது, மாடும் கிடையாது.

அங்கேதான்... இதோ இங்கே உட்கார்ந்திருக்கும் நம் பெலிக்ஸின் தாய்மாமன் சாம்சன் தன் பைக்கை நிறுத்தினார்.

சாம்சன் கார் எலெக்ட்ரீசியன். தென்காசி சாலையில் தகரக் கொட்டகை போட்ட பட்டறை. பேண்டேஜ் துணி ஆலைக்காரர் மகன் வினோத் போன் செய்து, கார் நடுவழியில் நின்றுவிட்டது, அலாரம் அடங்கவில்லை என்று கூப்பிட்டிருந்தான். அந்தக் காரை ஊரில் எல்லோருக்கும் தெரியும். இரண்டே கதவு, தரையோடு படுத்த உடம்பு, இருபது வயதைத் தாண்டிய வெளிநாட்டு ஸ்போர்ட்ஸ் கார். கொச்சியில் யாரிடமோ வாங்கியது.

தூரத்திலேயே சாம்சனுக்குச் சத்தம் கேட்டது. வீல்... வீல்... என்று இழுத்து இழுத்து ஓர் அலறல். வினோத் காரின் அருகில் இல்லை. நெடுந்தூரம் தள்ளி ஒரு மாமரத்தடியில், சட்டை உடம்போடு ஒட்டிக்கொள்ள நின்றிருந்தான். சாம்சன் காரின் கதவில் கை வைத்தார். அலறல் நின்றது. டக்... என்று பூட்டு தானாகத் திறந்தது.

உள்ளிருந்து வெக்கை அடித்தது. வெக்கையோடு ஒரு வாடை. காய்ந்த ரப்பர், பழைய வியர்வை, அவற்றுக்கு அடியில் வெற்றிலையும் புகையிலையும்.

"வெத்தல போடுவீங்களா?" என்று சாம்சன் கேட்டார்.

வினோத் பேச்சை மாற்றினான். தினமும் இதே நேரத்தில் அலாரம் அடிக்கிறது, கதவுகள் தாமாகப் பூட்டிக்கொள்கின்றன, இன்று ஓடும்போதே பூட்டிக்கொண்டு இஞ்சினும் நின்றது, எப்படியோ திறந்து வெளியே விழுந்தேன் என்று மட்டும் சொன்னான். மதுரையில் காரை விலைக்குக் கேட்டிருக்கிறார்களாம். இரண்டு நாளில் சரிசெய்து தர வேண்டுமாம்.

காரைக் கட்டி இழுத்துப் பட்டறைக்குக் கொண்டுவந்தார்கள்.

பழைய காரில் அலாரம் காரணமில்லாமல் அடித்தால் பார்ப்பதற்கு ஒரு வரிசை இருக்கிறது. சாம்சன் அதைப் பிசகாமல் பார்த்தார். பேட்டரி நன்றாக இருந்தது. கதவு சுவிட்சில் துரு இல்லை. பானெட் சுவிட்ச் ஒழுங்காக அழுந்தியது. ரிமோட்டுக்குப் புது செல் போட்டார். அந்த வகைக் காரில் டேஷ்போர்டு ஓரம் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு உண்டு. எதனால் அலாரம் அடித்தது என்பதை எத்தனை முறை மினுக்குகிறது என்பதை வைத்துக் கண்டுகொள்ளலாம். கதவுக்கு ஒன்று, டிக்கிக்கு ஒன்று என்று தனித்தனிக் கணக்கு. அன்று மினுக்கியது இவற்றில் எதுவும் இல்லை.

உள்ளே அசைவு. அதுதான் அந்தக் கணக்கின் பொருள்.

பல்லி நுழைந்திருக்கலாம். காற்றில் ஏதாவது ஆடியிருக்கலாம். கண்ணாடியில் தொங்கிய மணிமாலையைக் கழற்றினார், இருக்கைகளைத் துடைத்தார், அசைவு பார்க்கும் கருவியின் மேல் கனத்த துணியைச் சுற்றினார். மறுநாள் உச்சியில் பட்டறைக்குள்ளேயே அலறியது. சிவப்பு விளக்கும் அதையே மினுக்கியது. உள்ளே அசைவு.

சைரனையே கழற்றிவிடலாம் என்று சக்கரத்துக்கு மேலே அதை மறைத்திருக்கும் மூடியைத் திறந்தார்.

அங்கே சைரன் இல்லை.

சைரன் இருந்த இடத்தில் இரண்டு ஒயர்கள் சுத்தமாக வெட்டப்பட்டு, நுனியில் கறுப்பு டேப் சுற்றித் தொங்கின. டேப்பின் மேல் படிந்திருந்த தூசு பல மாதத்துத் தூசு.

அலறல் அப்போதும் கேட்டுக்கொண்டிருந்தது. சாம்சன் குனிந்தபடியே நின்றார். இவ்வளவு அருகில் நின்று கேட்டபோதுதான் உறைத்தது... அதன் நடுவே ஓர் இருமல்.

போனில் கேட்டபோது வினோத் சாதாரணமாகவே சொன்னான்.

"அத நான்தான் வெட்டச் சொன்னேன். டிரைவர் உள்ள இருந்து லேசா அசைஞ்சாலும் கத்துது. நாலு பேர் முன்னால மானம் போகுது."

சாம்சனுக்கு அதற்கு மேல் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஊருக்குள் ஓட்டிக் காட்டுவதற்கு வினோத். வெளியூரில் காத்துக் கிடப்பதற்குத் தனுஷ்கோடி. அறுபதை நெருங்கிய, எந்நேரமும் வெற்றிலை மெல்லும் டிரைவர். ஒருமுறை அவர் டீ குடிக்கப் போன நேரத்தில் யாரோ காரில் கீறிவிட்டார்கள். அன்றிலிருந்து வினோத் அவரை உள்ளே உட்காரவைத்து, வெளியிலிருந்து ரிமோட்டால் பூட்டிவிட்டுப் போவான். அந்தக் காரில் ரிமோட்டை இரண்டாம் முறை அழுத்தினால் உள்கைப்பிடியும் செத்துவிடும். திருடன் கண்ணாடியை உடைத்துக் கையை விட்டாலும் திறக்க முடியாது. உள்ளே இருப்பவராலும் முடியாது. சாவி வினோத்தின் பையில் இருந்தால் ஹாரனும் அடிக்காது.

கத்திரி வெயிலில் ஒரு நாள், ஸ்ரீவில்லிபுத்தூரில், தனுஷ்கோடி காருக்குள் இறந்துகிடந்தார். நெஞ்சுவலி என்று சொல்லி எரித்தார்கள்.

சாம்சன் இடதுபக்கக் கதவின் உள்பலகையைப் பார்த்தார். அதைப் பிடித்திருக்கும் திருகாணிகளின் தலையெல்லாம் சிதைந்திருந்தன. ஸ்குரூடிரைவர் பட்ட தடம் இல்லை. காசின் விளிம்பு வழுக்கி வழுக்கிப் போட்ட தடம். அந்த மனிதர் உள்ளிருந்து பலகையைக் கழற்றிப் பூட்டை அடைய முயன்றிருக்கிறார். காலால் ஓங்கி உதைத்திருந்தால் கண்ணாடி உடைந்திருக்கும். முதலாளி காரின் கண்ணாடி. உடைக்க அவருக்கு மனம் வரவில்லை.

அன்று சாயங்காலமே சாம்சன், தனுஷ்கோடியின் மனைவி வெள்ளத்தாயைப் பார்க்கப் போனார். அவள் ஆச்சரியப்படவில்லை. வீட்டுக்கு வெளியே உயிர் போனால், உறவுக்காரர் ஒருவர் உயிர் போன இடத்துக்கே போய்க் கூப்பிட்டு, திரும்பிப் பார்க்காமல் வீடுவரைக்கும் அழைத்துவருவது அவர்கள் குடும்ப வழக்கம். ஒரே ஒரு தடவை கதவைத் திறந்துவிடச் சொல்லி வினோத்திடம் கும்பிட்டிருக்கிறாள். பேய் பிசாசு என்று பேச்சுக் கிளம்பினால் கார் விலைபோகாது என்று அவன் ஆலைக் கொட்டகையில் காரை மூடிப் பூட்டிவைத்துவிட்டான்.

கார் இப்போது என் பட்டறையில்தான் இருக்கிறது, வந்து கூப்பிட்டுக்கொள்ளுங்கள் என்றார் சாம்சன்.

மறுநாள் உச்சிப் பொழுதில் வந்தாள். கையில் ஒரு செம்புத் தண்ணீர். அலறல் தொடங்கியிருந்தது. அவள் கதவைத் திறந்ததும் அடங்கியது. தண்ணீரை இருக்கையில் மெல்ல ஊற்றினாள். உறிஞ்சும் சத்தம் கேட்டது... பஞ்சு உறிஞ்சுவதைப்போல இல்லை, தொண்டை உறிஞ்சுவதைப்போல.

அவள் கூப்பிடுவாள் என்று சாம்சன் காத்திருந்தார். வெள்ளத்தாய் காசுத் தடங்களை விரலால் ஒவ்வொன்றாகத் தடவினாள். நெடுநேரம் தடவினாள். பிறகு குனிந்து, வீட்டில் இருப்பவரிடம் சொல்வதைப்போலச் சொன்னாள்.

"செத்த நேரம் இருங்க. அவன் வருதான்."

கதவைச் சாத்தினாள்.

சாம்சன் அவள் வழியில் வந்து நின்றார். "யக்கா, வேண்டாம். கூப்புட்டுட்டுப் போங்க. அவிய பாவம், எம்புட்டு நாளாக் கெடக்காவ."

"கூப்பிடுவேன். பொறவு கூப்பிடுவேன்."

அவ்வளவுதான். வெறுஞ்செம்போடு போய்விட்டாள்.

சாம்சன் வேதக்காரர், ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர். ஒரு சாவுக்குத் தன் பட்டறை வாசலாக இருக்கக் கூடாது என்று நினைத்தார். அன்று இருட்டுவதற்குள் இரண்டு கதவுகளின் பூட்டு மோட்டார்களையும் கழற்றி மேசைமேல் வைத்தார். பூட்டின் நாக்கையும் அறுத்தெடுத்தார். இனி அந்தக் கதவுகள் சாத்தத்தான் சாத்தும். யார் நினைத்தாலும் பூட்டாது. காலையில் வினோத் வந்தபோது எல்லாவற்றையும் காட்டி, இதை எடுக்காதீர்கள், அந்த அம்மா வந்து கூப்பிடும்வரை இங்கேயே கிடக்கட்டும் என்று கெஞ்சினார்.

"ஏலே சாம்சன், ரிப்பேர் பாக்கத் தெரியலன்னு சொல்லு, கேட்டுக்கிடுதேன். பேய்க்கதை சொல்லாத."

காரை எடுத்துக்கொண்டு போனான். அன்று மலையில் மழை இறங்கியிருந்தது. ஊரெல்லாம் தூறல், குளிர்காற்று.

ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில், ஒரு வேப்பமரத்தடியில் கார் நின்றது. எதிரே டீக்கடை. வினோத் காருக்குள் உட்கார்ந்து பக்கத்து இருக்கையைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்ததாக டீக்கடைக்காரர் பிற்பாடு சொன்னார். கைகூப்பியதையும் பார்த்திருக்கிறார். யாரிடமோ பேசுகிறான் என்று நினைத்தாராம். காரிலிருந்து எந்தச் சத்தமும் வரவில்லை. இடுக்கில்லாமல் ஒட்டிக்கொண்ட கதவை இழுக்க முடியாமல் போலீஸார் கடப்பாரை போட்டு நெம்பினார்கள். உடம்பு தொட முடியாத சூட்டில் இருந்தது. உதடுகள் வெடித்திருந்தன. வெயிலடித்துச் செத்தவன் என்றார் டாக்டர். வெளியே தூறல் நிற்கவே இல்லை.

கடைசியாக அந்தக் காரில் வேலை பார்த்தவர் என்று சாம்சனை ஸ்டேஷனுக்கு வரச்சொன்னார்கள். வெள்ளத்தாயும் உடன் வந்தாள். காரை வெளியே மரத்தடியில் போட்டிருந்தார்கள். அவள் கேட்காமலே போய் இடதுபக்கக் கதவைத் தொட்டாள். லேசாகத் தொட்டதற்கே திறந்துகொண்டது.

"வாங்க... வீட்டுக்குப் போவம்."

சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தாள். பின்னால் பார்க்கவில்லை. சாம்சனும் பார்க்கவில்லை, பார்க்கத் துணிவில்லை.

பேருந்து நிலையத்தில் பெண்களுக்குக் கட்டணமில்லாத ராஜபாளையம் பஸ் நின்றிருந்தது. நல்ல கூட்டம். வெள்ளத்தாய் ஏறி ஓர் இருக்கையில் சன்னலை விட்டு இந்தப் பக்கம் உட்கார்ந்தாள். சன்னலோரம் காலியாக இருந்தது. அத்தனை பேர் நெருக்கியடித்து நின்றும் அங்கே உட்கார இடம் கேட்டு யாரும் வரவில்லை. சாம்சன் பக்கத்தில் கம்பியைப் பிடித்து நின்றார். பஸ் ஊரைத் தாண்டியதும் கண்டக்டர் வந்தார். சாம்சனுக்கு டிக்கெட் கொடுத்தார். வெள்ளத்தாய் கையை நீட்டினாள். அவர் அவளுக்கு இலவச டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு, அங்கேயே நின்றார்.

"ஒங்களுக்குக் காசு வேண்டாம்மா. அவியளுக்கு எடுங்க."

வெள்ளத்தாய் முந்தானை முடிச்சை அவிழ்த்துக் காசைக் கொடுத்தாள். கண்டக்டர் டிக்கெட்டைக் கிழித்தார். அவளிடம் தரவில்லை. அவள் தலைக்கு மேலாக, சன்னலோரத்துக் காலி இடத்தின் பக்கம் நீட்டினார்.

கையை இழுத்துக்கொண்டபோது... விரலிடுக்கில் டிக்கெட் இல்லை.